கீழ்வீட்டு அம்மா எழுதாத கடிதம்

கும்மிடிப்பூண்டி நூலகத்தில் என் பெயருக்கு ஒரு அட்டை இருக்கிறது. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். திருவாலங்காட்டுப் பக்கம் எங்கள் ஊரில் நாற்று நடவு தொடங்கினால் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது என்று அர்த்தம். பஸ் போர்டு படிப்பேன். ரேஷன் கடைப் பலகை படிப்பேன். கையெழுத்துப் போடுவேன், கைநாட்டு வைத்ததில்லை. பெரிய எழுத்தாக இருந்தால் கூட்டிக் கூட்டி ஒரு பக்கம் போய்விடுவேன். அதற்குள் அடுப்பில் வைத்தது அடிப்பிடித்துவிடும். இதை எழுதவே எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. அப்படிப்பட்டவளுக்கு நூலக அட்டை எதற்கு என்று என் மகனே கேட்டான். எதற்கு என்று சொல்கிறேன்.

தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டுகிற கம்பெனி ஒன்றில் கேன்டீன் சமையல் என் கையில் இருந்தது. எல்லா ஷிப்டுக்கும் சோறு. என் குழம்பைக் குறை சொன்னவர்கள் கிடையாது. சொன்ன ஒரே ஒரு சூப்பர்வைசரும் மறுநாள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே காய் நறுக்க வந்தவள்தான் அவள். இலங்கைக்காரி. அங்கே சண்டை முற்றியபோது கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு படகில் வந்து இறங்கியவள். பின்னால் வருகிறேன் என்று சொன்ன புருஷன் வரவேயில்லை. இங்கே அகதி முகாமில் ஒரே அறை வீட்டில் மகளை வளர்த்து, அதே முகாமில் இரண்டு வரிசை தள்ளிக் கட்டிக்கொடுத்திருந்தாள். அவள் கேன்டீனுக்கு வந்தபோது அவர்கள் ஊரில் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன.

முதல் நாள் வெங்காயத்தைப் பூப்போல நறுக்கி வைத்தாள்.

"தடிமனா நறுக்கும்மே. இது இன்னா கல்யாண ஊடா?" என்றேன்.

"ஓம் அக்கா."

"இன்னா ஓம்? சாமி கும்புடுறியா?"

"ஓம் எண்டா சரி எண்டு அக்கா."

"சரின்னா சரின்னு சொல்றதுதானே."

"நீங்கள் 'இன்னா' எண்டுறியள். நான் ஏதும் கேட்டனானோ?"

அரிசி களைகிறவள் அண்டாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு எதிர்வார்த்தை சொல்கிறவர்கள் அந்தக் கேன்டீனில் இல்லை. அதனாலேயே அவளை எனக்குப் பிடித்துப் போயிற்று.

முதல் ஷிப்டுக்குச் சோறு போட்டு முடிந்ததும் மாலை டீக்குப் போண்டா போடும் வரைக்கும் எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே உட்கார்ந்து பூண்டு உரிப்போம். அவள் மட்டும் பைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மடியில் விரித்துக்கொண்டு, கை ஒரு பக்கம் கண் ஒரு பக்கம் என்று இருப்பாள். இரண்டு நாள் பார்த்தேன்.

"வாய்விட்டுப் படி. நாங்க பாத்துக்கினு இருக்க நீ மட்டும் துன்ற மாதிரி இருக்குது," என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவளிடம் இருந்த இரண்டு மூன்று புத்தகங்களும் சீக்கிரம் தீர்ந்துபோயின. நூலகத்துக்குப் போகச் சொன்னால், முகாம் விலாசத்தை நீட்ட அவளுக்குக் கூச்சம். விலாசம் கேட்டால் எனக்கா இல்லை? என் வீடு என் பெயரில் இருக்கிறது. வரி ரசீதை எடுத்துக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். மேஜைக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தது.

"யாருக்கும்மா கார்டு? பேரப் பிள்ளைக்கா?"

"எனக்கு."

"படிப்பீங்களா?"

"கேப்பேன்," என்றேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, ரசீதைப் பார்த்தது. பிறகு பேனாவை என் பக்கம் தள்ளியது. கையெழுத்துப் போட்டேன்.

அப்படி எடுத்து வந்ததில் ஒரு புத்தகம் முழுக்கக் கடிதமாகவே இருந்தது. வேறு ஏதோ தேசத்துக் கதை, தமிழில் ஆக்கியது. பனி கொட்டுகிற ஊர். பெரிய சண்டை ஒன்று முடிந்த மறு வருஷம் கதை தொடங்குகிறது. அதில் இரண்டு பெண்கள், சின்ன வயதிலிருந்து சிநேகிதிகள். ஒருத்தி டீச்சர், சண்டை நடந்தபோதும் ஊரை விட்டுப் போகாதவள், பள்ளிக்கூடத்துப் புத்தகங்களை எல்லாம் கரிக் கொட்டகைக்குள் மறைத்து வைத்துக் காப்பாற்றியவள். இன்னொருத்தி தையல்காரி, சண்டைக்குப் பயந்து கடல் தாண்டிப் போனவள். போகிற அவசரத்திலும் டீச்சரிடம் இரவல் வாங்கிய ஒரு புத்தகத்தைத் துணி மூட்டைக்குள் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். அந்தப் புத்தகம் பத்திரமா, உன் கைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டு டீச்சர் எழுதுவதுதான் முதல் கடிதம்.

அதைப் படித்து முடித்து அவள் பக்கத்தைத் திருப்பப் போனாள்.

"ம், எழுது," என்றேன்.

"என்னத்தை அக்கா?"

"பதிலுதான். நீதானே படிச்ச?"

எங்கள் லைன் வீடுகளில் அதுதான் பழக்கம். செல்போன் வருவதற்கு முன்னால், துபாயிலிருந்தோ ராணுவத்திலிருந்தோ கடிதம் வந்தால், படித்துச் சொல்கிறவர்தான் அங்கேயே உட்கார்ந்து பதிலும் எழுத வேண்டும். கடிதத்துக்குச் சொந்தக்காரி புது இன்லேண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் படிக்கவே கூப்பிடுவாள். படித்துவிட்டுப் பாதியில் எழுந்து போனவரை மறுபடி யாரும் கூப்பிட மாட்டார்கள். அரிசி களைகிறவளும் என் பக்கம்தான் பேசினாள்.

"கைவலி எப்டி இருக்குதுன்னு அந்த டீச்சர் கேக்குது இல்ல? கேட்டதுக்குச் சொல்லாம அடுத்தத எப்டிப் படிப்ப?"

அவள் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். பூண்டுக் கையால் துடைத்து, அது எரிந்து, இன்னும் கொஞ்சம் நீர் வந்தது.

"சரி, சொல்லுங்கோ. தையல்காரி என்ன எழுதுவா?"

அதிலிருந்து எங்கள் வழக்கம் அப்படி ஆயிற்று. ஒரு கடிதம் படிப்பாள். புத்தகத்தை மூடுவாள். பதிலை நாங்கள் சொல்வோம். பிறகு பக்கத்தைத் திருப்பி, உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம். தையல்காரி நாங்கள் சொன்னபடி ஒருநாளும் எழுதியதில்லை. எங்கள் பதில்தான் நன்றாக இருந்தது.

குளிர் தாங்காமல் யாரோ புத்தகங்களைக் கிழித்து அடுப்பெரித்துவிட்டார்கள் என்று டீச்சர் ஒரு கடிதத்தில் வருத்தப்பட்டிருந்தாள். அரிசி களைகிறவள் உடனே மன்னித்துவிட்டாள். "கொயந்தைங்களுக்குக் குளுருனா இன்னா பண்ணுவாங்க, உட்ரு," என்றாள். எரித்தவர்கள் புதுசு வாங்கித் தர வேண்டும் என்று நான் எழுதச் சொன்னேன். பக்கத்தைத் திருப்பினால் தையல்காரி எழுதியிருக்கிறாள்: உன் புத்தகத்தின் கடைசித் தாளை நானும் கிழித்தேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மருந்து மடித்துக் கொடுக்க. புதுசு வாங்கித் தர வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த நாட்களில்தான் அவளுக்கு ஊரிலிருந்து போன் வரத் தொடங்கியது. வன்னிப் பக்கம் அவளுடைய தமக்கை ஒருத்தி இருந்தாள். சண்டையில் பிள்ளைகளைப் பறிகொடுத்துத் தனியாக இருப்பவள். அவர்கள் குடும்பத்து நிலம் கைக்கு வந்துவிட்டது, கிணற்றைத் தூர் வாரியாயிற்று, நீ வந்துவிடு என்று தினமும் கூப்பிட்டாள். இவள் கொட்டகைக்கு வெளியே போய் நின்று பேசிவிட்டு வருவாள். வந்து எதுவும் சொல்ல மாட்டாள். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"ஊருக்குப் போறவை வாற திங்கட்கிழமை முகாமிலை பேர் குடுக்கவேணும் அக்கா. போனால் போனதுதான். திரும்பி வந்து முகாமிலை இருக்க ஏலாது."

"நீ இன்னா நெனைக்குற?"

"தெரியேல்லை."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. போகாதே என்று யாரையும் நான் சொன்னதில்லை. என் மகன் அத்திப்பட்டில் கரண்டு உற்பத்தி செய்கிற இடத்தில் வேலை கிடைத்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு அங்கேயே குடிபோகிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோதுகூட, "போய்க்கினே இரு நைனா," என்றுதான் சொன்னேன். இருக்கிறவர்கள் இருக்கட்டும், போகிறவர்கள் போகட்டும். யார் கையையும் பிடித்து நிறுத்துகிற வழக்கம் எனக்கு இல்லை.

புத்தகத்திலும் அதே நேரம் அந்தப் பேச்சுதான் வந்தது. ஊருக்கு வந்துவிடு, உன் வீட்டுக்குக் கூரை இல்லை, ஆனால் கொல்லையில் ஆப்பிள் மரம் அப்படியே நிற்கிறது என்று டீச்சர் எழுதினாள். இலங்கைக்காரி புத்தகத்தை மூடினாள். பதில் சொல்ல வேண்டியது எங்கள் முறை.

"போறேன்னு எழுது. சொந்த ஊரு, சொந்த மரம்," என்றாள் அரிசி களைகிறவள். அவளுக்கு விஷயம் தெரியாது.

படித்துக் காட்டியவள் என்னைப் பார்த்தாள். "நீங்கள் என்ன சொல்லுறியள் அக்கா?"

நான் நேராகப் பதில் சொல்லவில்லை. "தையல்காரிக்கு இப்ப இருக்குற ஊருல யார் இருக்காங்க?" என்றேன்.

அவள் பழைய பக்கங்களைப் புரட்டினாள். தையல்காரி குடியிருந்த வீட்டின் கீழ்த் தளத்தில் ஒரு அம்மா இருந்தது. தையல்காரியின் கடிதங்களில் நடுநடுவே ஒரு வரி, இரண்டு வரி அதைப் பற்றி வரும். பனி அதிகமான நாளில் சூடாக ஏதாவது கொடுத்தனுப்பும். காலையில் எழுந்ததும் துடைப்பக் கட்டையால் மேல்கூரையைத் தட்டும். தையல்காரி மேலேயிருந்து காலால் தட்டுவாள். அவ்வளவுதான்.

"அந்தக் கீழ்வீட்டு அம்மா இன்னா சொல்லுது?"

"அவவின்ர கடிதம் இதிலை இல்லை அக்கா."

"ஏன் இல்ல?"

"பக்கத்திலைதானே இருக்கிறா. பக்கத்திலை இருக்கிறவைக்கு ஆர் கடிதம் எழுதுறது?"

அன்றைக்குச் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். ஷிப்டே தண்ணீர் குடித்துக்கொண்டு போயிற்று. என்னை எதிர்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் அந்த அம்மா வருகிறதா என்றுதான் காது போயிற்று. டீச்சர் ரயில் விவரம் எழுதினாள், எந்தெந்தப் புத்தகம் திரும்பி வந்தது என்று எழுதினாள், வந்தால் பள்ளிக்கூடத்திலேயே தையல் சொல்லித் தரலாம் என்று எழுதினாள். தையல்காரி போர்வை கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். கீழே இருக்கிற அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அந்த டீச்சர் மேல் கோபம் கோபமாக வந்தது. நல்லவள்தான், புத்தகங்களைக் காப்பாற்றியவள்தான், இருந்தாலும் கோபம்.

சனிக்கிழமை இன்னும் கொஞ்சம் பக்கங்கள்தான் மிச்சம் இருந்தன. அரிசி களைகிறவள் லீவு. கொட்டகையில் நாங்கள் இரண்டு பேர்தான். தையல்காரி எழுதிய ஒரு கடிதத்தை அவள் படித்தாள்: இன்னும் முடிவு செய்யவில்லை, ஒரு கோட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறேன், அது முடியட்டும். படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பாமல் மூடினாள்.

"இப்ப டீச்சர் வேண்டாம். கீழ்வீட்டு அம்மா எழுதட்டும். சொல்லுங்கோ."

"அதுக்கு எழுதத் தெரியாது."

"சொல்லத் தெரியும்தானே?"

நான் பூண்டுத் தோலை ஊதித் தள்ளினேன். கடிதம் எப்படி ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியும். எவ்வளவோ சொல்லி எழுத வைத்திருக்கிறேன்.

"கீழ்வீட்டு அம்மா எழுதிக்கினது. இங்க எல்லாரும் சுகம். அங்க உன் ஊட்டுக்குக் கூரை இல்லன்னு கேட்டு மனசுக்குக் கஷ்டமா இருந்திச்சி. மரம் நிக்குதே, அது வரைக்கும் சந்தோசம். நீ போய்ட்டா மாடிக்கு வேற யாருனா வருவாங்க. காலைல நான் தட்டுனா அவங்க திருப்பித் தட்டுவாங்களோ, சத்தம் போடாதன்னு சண்டைக்கி வருவாங்களோ தெரியாது. மத்தபடி ஒண்ணும் இல்ல."

"அவ்வளவுதானோ?"

"அவ்ளோதான்."

"அக்கா, இப்ப புத்தகத்தை விடுங்கோ."

புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே இரும்பு உருளுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்த்தேன், இந்தப் பக்கம் பார்த்தேன்.

"போகாதம்மே," என்றேன். "நீ போய்ட்டா எனக்கு ஒரே பேஜாராப் பூடும்."

அவள் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். துடைத்துவிட்டுப் பேசினாள்.

"இத்தனை வருசமா எல்லாரும் எப்ப போறியள், எப்ப போறியள் எண்டுதான் கேட்டவை. கடைக்காரன் கேட்டான், பஸ்ஸிலை பக்கத்திலை இருக்கிற மனுசி கேட்டா. ஒருத்தராவது இரு எண்டு சொல்ல மாட்டினமோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

"அத்த முன்னாடியே என்னாண்ட சொல்றதுதானே?"

"நீங்கள் முன்னமே சொல்லுறதுதானே?"

மிச்சப் பக்கங்களைப் படி என்றேன். படித்தாள். தையல்காரி கோட்டை முடித்து, அதைப் போட்டுக்கொண்டு, ரயில் ஏறிக் கப்பல் ஏறி ஊருக்குப் போய்விட்டாள். டீச்சர் துறைமுகத்தில் நின்றிருந்தாள். கதை முடிந்தது.

"புக்குல போய்ட்டாளே," என்றேன்.

"அது அவ. அவவிட்டைக் கீழ்வீட்டு அம்மா ஒண்டும் சொல்லேல்லைத்தானே," என்றாள். பூண்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவள் பேர் கொடுக்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அதே வாரம் அவள் தன் போனை என்னிடம் நீட்டினாள். "என்ர அக்கா. உங்களோடை கதைக்கவேணுமாம்." நான் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன்.

"நீங்களோ அந்த ஆள்?" என்றது குரல். தமக்கையின் குரல் இவள் குரலைவிடக் கனமாக இருந்தது. "என்ர கூடப்பிறந்தவளைப் பிடிச்சு வச்சிருக்கிறியளாம்."

"புடிச்சி வெக்க அவ இன்னா கோழியா? அவளே இருக்குறா."

"நீங்கள் சொல்லித்தான் நிக்கிறாள். எனக்குத் தெரியும். அவளுக்கு இஞ்சை நிலம் இருக்கு, கிணறு இருக்கு. அங்கை என்ன இருக்கு?"

"மவ இருக்குறா, பேரப் புள்ளைங்க இருக்குது. நான் இருக்குறேன்."

"நான் இஞ்சை தனியக் கிடக்கிறன்," என்றாள் அவள்.

டீச்சர் மேல் அவ்வளவு கோபப்பட்டேன். டீச்சருக்கும் ஒரு வீடு இருக்கும், அதில் ஒரே ஒரு தட்டுக் கழுவி வைப்பாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. "சாப்டியா?" என்று மட்டும் கேட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

தங்கைக்காரியை இரு என்று சொன்னதை நான் திருப்பி வாங்கிக்கொள்ளப் போவதில்லை. சொன்னது சொன்னதுதான். ஆனால் அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. இரண்டு நாள் கழித்து நானே அவளிடமிருந்து போனை வாங்கித் தமக்கையைக் கூப்பிட்டேன்.

"மத்தியானத்துல இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"ஏன்? சும்மாதான் இருப்பன்."

"அப்போ போனு எடுத்து வெச்சிக்கினு ஒக்காரு. உன் தங்கச்சி புக்கு படிப்பா. கேளு."

"எனக்கு உங்கட கதைப் புத்தகம் ஒண்டும் வேண்டாம்."

"வேணான்னா வெச்சிட்டுப் போ."

வைக்கவில்லை. முதல் நாள் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். மறுநாள் படிப்பு தொடங்க இரண்டு நிமிஷம் பிந்தியதற்கு அவளே கூப்பிட்டுச் சத்தம் போட்டாள். தங்கையிடம் சொல்லி அந்தக் கடிதப் புத்தகத்தை மறுபடி எடுத்துவரச் செய்து முதலிலிருந்து படிக்க வைத்தாள். பதில் சொல்கிற எங்கள் வழக்கத்தையும் பிடித்துக்கொண்டாள். டீச்சரின் பதிலை எல்லாம் அவள்தான் சொல்ல வேண்டும். வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. என்னோடு சண்டை போடாத நாள் இல்லை.

இப்போது நானும் தங்கைக்காரியும் கேன்டீனை விட்டாயிற்று. அவள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு முகாமிலிருந்து என் வீட்டுக்கு வந்துவிடுவாள். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணை மேல் வைப்போம். அந்தப் பக்கம் கோழி கத்தும், இந்தப் பக்கம் கூடூர் ரயில் போகும். தமக்கை இப்போது பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்து வைத்திருக்கிறாள். வந்து ஒரு மாதம் இருப்பாளாம்.

"உங்கட வீட்டைப் பாக்க வரேல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வாறன்," என்று நேற்றும் சொன்னாள்.

"வா. பாத்துக்கலாம்," என்றேன்.

"பாப்பம்."

தங்கைக்காரி எங்கள் இருவருக்கும் நடுவில் புத்தகத்தை விரித்துக்கொண்டு, ஒன்றும் காதில் விழாதவள்போல உட்கார்ந்திருந்தாள்.

"அங்கை என்ன இன்னும் சத்தத்தைக் காணேல்லை?" என்றது போன். "வாசிக்கச் சொல்லுங்கோ அவளை."